மோரிக்குள் ஒரு பட்டறை

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு மதினியின் படம் ஒன்று வேண்டும் என்று அண்ணன் போனில் கேட்டான். நான் அப்போது தாணே ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். நான் வாழ்க்கைப்பட்ட செம்பூருக்கு வந்து, வீட்டுக்குள் நுழைந்த கையோடு, போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கோயில் கொடை, சித்தப்பா மகள் கல்யாணம், என் வளைகாப்பு என்று எல்லாவற்றிலும் மதினி இருந்தாள். ஆனால் முழுசாக ஒன்றில்கூட இல்லை. ஒன்றில் தோளும் காதும் மட்டும். இன்னொன்றில் யாருடைய கொண்டைக்குப் பின்னாலோ பாதி முகம். படம் எடுக்கிறவர் "கொஞ்சம் நெருக்கி நில்லுங்க" என்றால் எல்லோரும் உள்ளே நெருங்குவார்கள். மதினி மட்டும் மற்றவர்களுக்கு இடம் விட்டு வெளியே நகர்வாள். கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கித்தான் பேனர் அடித்தோம். அது மங்கலாக வந்தது. அண்ணன் அதையே கட்டச் சொல்லிவிட்டான். எனக்கும் அலுத்துப்போயிருந்தது.

அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு தாராவிக்குக் கூட்டிவந்தபோது நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். எங்கள் வீடு ஒற்றை அறை. ஏணி வைத்து ஏறிப் படுக்க மேலே ஒரு லாஃப்ட். மூலையில் இடுப்பு உயரச் சுவர் எழுப்பி, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரு மோரி. அம்மா, அண்ணன், நான், நாலாவதாக மதினி. அவள் வந்த மறுநாள் காலையில் எழுந்து பார்த்தேன். வீட்டில் எதுவும் மாறியிருக்கவில்லை. கொண்டுவந்த பெட்டி ஏணிக்கு அடியில் போயிருந்தது. பீரோவில் அம்மா ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்திருந்தாள். அது கடைசிவரை காலியாகவே கிடந்தது.

சாப்பிடும்போது அடுப்புக்கும் தண்ணீர் ட்ரம்முக்கும் நடுவில் உட்காருவாள். முழங்கால்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, தட்டைக் காலின்மேல் வைத்துக்கொள்வாள். "நல்லா உக்காந்து சாப்பிடுங்க மதினி" என்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள்.

"எனக்கு இம்புட்டு எடம் போதும்மா."

ரயிலிலும் அப்படித்தான். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஒருத்தி விளிம்பில் ஒட்டிக்கொள்வது பம்பாய் வழக்கம். பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தாலும் மதினி அந்த விளிம்பில்தான் உட்காருவாள். பாதி உடம்பு நடைபாதையில் தொங்கும். ஏறுகிற ஒவ்வொருத்தியும் அவள் முட்டியில் இடித்துக்கொண்டு போவாள். உள்ளே தள்ளி உட்காரச் சொன்னால், "இருக்கட்டும், ஆராச்சும் வருவாவ" என்பாள். யாரும் வராமலே எங்கள் ஸ்டேஷன் வந்துவிடும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மா ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனாலும், தினமும் யாரோ சொல்லிக்காட்டுகிற வீட்டில் இருப்பவளைப் போலத்தான் மதினி நடமாடினாள்.

பகலில் அவள் மணி கோப்பாள். கவரிங் நகை செய்கிற இடத்திலிருந்து மணியும் கம்பியும் சின்னச் சின்ன வளையங்களும் பொட்டலமாக வரும். கோத்து, குறட்டால் வளையத்தின் வாயை அழுத்தி மூடி, திருப்பிக் கொடுக்க வேண்டும். அழுத்திய வளையம் ஓர் இழுப்பு இழுத்தால் வாயைத் திறந்துகொள்ளும். மாலை அறுந்து, மணி சிதறி, பொட்டலம் திரும்பி வரும். மதினி மறுபடி கோப்பாள்.

ஒருநாள் அந்த வளையம் ஒன்றை விரல் நுனியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "எம்புட்டு அழுத்தினாலும் வாயத் தொறந்துக்குது. நெருப்புக் காட்டி ஒட்டிட்டா தொறக்காதுல்லா?"

"ஒட்டலாம். ஆனா நீங்க எப்படி ஒட்டுவீங்க?"

"போன்ல காட்டுதாவ. வீட்லயே செய்யலாம்னுதான் காட்டுதாவ."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மதினி எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை என்பது மட்டும் உறைத்தது.

அந்த வீடியோக்களை அவள் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பாள். மத்தியானம் அம்மா தூங்குவாள். காதில் மாட்டுகிற ஒயரை மாட்டினால் அம்மா கூப்பிடுவது கேட்காது. அதனால் அவள் தெரிந்துகொண்டதெல்லாம் கண்ணால் பார்த்தது மட்டும்தான். அந்த ஆட்கள் வாயால் சொன்ன எச்சரிக்கை எதுவும் அவளுக்கு வந்து சேரவில்லை.

சாமான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். கேக் செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையிலிருந்து கைக்கடக்கமான ஒரு கேஸ் டார்ச். குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் இடித்துப்போட்டிருந்த சூளையிலிருந்து, நெருப்புத் தாங்கும் செங்கல் ஒன்று. வெல்டிங் கடையிலிருந்து கண்ணாடி. மாஹிமில் ஒரு வெள்ளிக் கடையில் கொஞ்சம் கம்பி, அதோடு டாங்கா. வளையத்தின் இரண்டு முனைகளையும் சேர்ப்பதற்காக உருக்குகிற வெள்ளித் தகட்டுக்கு அந்தக் கடைக்காரர் சொன்ன பெயர் அது. பிறகு, டாங்கா ஓடிப் பிடிப்பதற்காக மளிகைக் கடையில் வெங்காரம். அதைப் பார்த்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, இது சின்னப் பிள்ளையளுக்கு வாய்ப்புண்ணுக்குத் தேன்ல கொழைச்சுப் போடுததுல்லா? ஆருக்கு வாய்ப்புண்ணு?"

"வெள்ளிக்கு அத்தை" என்றாள் மதினி.

எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கின. உட்கார்ந்து செய்ய அவள் கண்டுபிடித்த இடம் மோரி. காலையில் தண்ணீர் வந்து, எல்லோரும் குளித்து, பாத்திரங்கள் கழுவி முடிந்தால், மத்தியானம் அது காய்ந்து கிடக்கும். மூன்று பக்கமும் டைல்ஸ், தீப்பிடிக்க ஒன்றுமில்லை, கை எட்டும் தூரத்தில் வாளித் தண்ணீர், தலைக்குமேல் புகை போக ஒரு சின்ன ஜன்னல். வெள்ளி சிவப்பதைப் பார்க்க இருட்டு வேண்டும். அது எங்கள் வீட்டில் பகலிலேயே தேவைக்கு மேல் இருந்தது. குட்டைச் சுவருக்கு மேலே மதினியின் உச்சந்தலை மட்டும் தெரியும். டார்ச்சின் உஸ்ஸென்ற சத்தம் கேட்கும்.

முதலில் செய்ததெல்லாம் உருண்டையாகப் போனது. டாங்கா உருகட்டும் என்று அதன்மேலேயே நெருப்பைக் காட்டுவாள். அது உருண்டு செங்கல்லில் ஓடிவிடும். விடாமல் காட்டினால் வளையமும் சுருண்டு ஒரு வெள்ளிக் குண்டாகிவிடும். அந்தக் குண்டுகளை ஒரு மருந்து டப்பியில் போட்டுவைத்தாள். "எல்லாம் உருண்டையாவே வருது. பேசாம கொலுசுக்கு முத்து செய்யப் போயிரலாம்" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் வளையங்கள் ஒழுங்காக ஒட்டின. நெருப்பில் கருத்ததைப் போக்க, எலுமிச்சை உப்பைக் கரைத்த வெந்நீரில் அவற்றைப் போட்டு வைத்திருந்தாள். வேலையிலிருந்து நான் வந்தபோது மோரி வாசலில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளி வளையம் எல்லாம் செம்பு நிறத்தில் இருந்தது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் போலம்மா."

ஏமாற்றவில்லை. இரும்பு இடுக்கியை அந்தத் தண்ணீருக்குள் விட்டதுதான் கோளாறு. வீடியோவைச் சத்தத்தோடு போட்டுக் காட்டினேன். அதில் ஒரு பெண் அதைத்தான் இந்தியில் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதினி அதை முழுசாகக் கேட்டாள். பிறகு வளையங்களை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்த மழைக்காலத்தில் பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டில் சிலிண்டர் வெடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓடும் தகரமும் தெருவில் வந்து விழுந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்து ஆட்கள் வந்து அண்ணனிடம் நின்றார்கள். "உங்க வீட்ல கேஸ் வச்சு ஏதோ செய்யுதாவளாமே." அண்ணனுக்கு முகம் சுருங்கிப்போனது. அவர்கள் போன பிறகு மதினியைப் பார்த்தான்.

"இனிமே வேண்டாம்."

"சரி" என்றாள் மதினி. டப்பா ஏணிக்கு அடியில் பெட்டிக்குப் பின்னால் போனது. அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அவள் அகராதியில் அந்த ஒரு சொல்தான் உண்டு.

அடுத்த கோடைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. தாணேயிலிருந்து வரும் வழியில் குர்லாவில் இறங்க வேண்டியிருந்தது. பாலத்தில் கூட்டத்துக்கு நடுவே கம்பி ஓரமாக ஒட்டிக்கொண்டு மதினி போனாள். கையில் துணிப்பை. பைக்குள் அந்த டப்பாவின் விளிம்பு.

"மதினி, இங்கன என்ன செய்யுதீய?"

ஒரு நொடி பயந்துவிட்டாள். பிறகு என்னையும் கம்பி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டாள், போகிறவர்களுக்கு வழி விட.

"மான்குர்துக்குப் போறேன். மணி வாங்குத எடத்துல பழக்கமான ஒரு சிஸ்டர். நாகர்கோவில்காரங்க. ஆஸ்பத்திரியில பகல் டூட்டி. வீடு பூட்டித்தான் கெடக்கும். சாவி தந்திருக்காவ. அவியளுக்குச் சோறு பொங்கி வச்சிட்டுச் சாயங்காலத்துக்குள்ள திரும்பிருவேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"மணி வாங்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

அவளோடு நானும் போனேன். உயரமான கட்டிடத்தில் ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினோம். நர்ஸம்மாவின் வீடும் ஒற்றை அறைதான். ஆனால் அகலமான ஒரு ஜன்னல் இருந்தது. மதினி திரையை இழுத்துவிட்டு, அறைக்கு நட்டநடுவில் ஒரு தகரத்தை விரித்து, செங்கல்லை வைத்தாள். சாமான்களை இரண்டு பக்கமும் பரப்பினாள். பிறகு கால்களை நீட்டி உட்கார்ந்தாள். நான் கதவோரமாகச் சுவரில் சாய்ந்துகொண்டேன். எங்கள் வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவள் கால் நீட்டி நான் பார்த்ததில்லை. அவள் இவ்வளவு உயரமானவள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"டாங்காவுல சூடு காட்டக்கூடாது" என்று, என்னிடமா வளையத்திடமா என்று தெரியாத குரலில் சொன்னாள். "வளையம் முழுசும் சூடாகணும். வளையம் செவந்துச்சுன்னா டாங்கா தானா ஓடி வந்து சேந்துக்கும். அதுவரைக்கும் பொறுக்கணும்."

நான் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

சில மாதங்கள் கழித்து ஆபீஸில் இருந்தபோது அண்ணன் போன் செய்தான். அம்மா மோரியில் வழுக்கி விழுந்துவிட்டாள். ரொம்ப நேரம் முனகிக்கொண்டு கிடந்திருக்கிறாள். எதிர்வீட்டு அக்காவுக்குத் தற்செயலாகக் கேட்டு, ஆளைக் கூட்டித் தூக்கி, சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"இவ எங்க போனான்னு தெரியல. போனை எடுக்க மாட்டேங்கா" என்றான் அண்ணன்.

எனக்குத் தெரியும். நான் நேரே மான்குர்துக்குப் போனேன். ஏழு மாடியும் ஏறிக் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. திரை இழுத்த இருட்டில் நீலத் தீ. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் மேடையில் அவள் போன் சத்தமில்லாமல் மின்னி மின்னி அணைந்தது. கதவுச் சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை.

"இரு. ஓடுது."

நான் நின்றேன். செங்கல்மேல் ஒரு கொலுசின் கொக்கி மெல்லச் சிவந்தது. சட்டென்று ஒரு மினுமினுப்பு அதன்மேல் ஓடி அடங்கியது. மதினி தீயை எடுத்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

டார்ச்சை அணைத்தாள். செங்கல் ஆறும்வரை காத்திருக்காமல் பழைய துணியில் சுற்றிப் பையில் போட்டாள். நர்ஸம்மாவின் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். ரயிலில் பெஞ்சு விளிம்பில்கூட உட்காராமல் கதவோரம் நின்றே வந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மதினி போன இடத்தைச் சொன்னதும், எல்லோருக்கும் முன்னால் அண்ணன் கேட்டான்: "எங்கம்மா அங்கன விழுந்து கெடக்கா. நீ மான்குர்துல போய் நகை செஞ்சுக்கிட்டு இருக்கியா?"

"தப்புதான்" என்றாள் மதினி.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் அவள் நடக்கவில்லை. வாடகைக்கு ஓர் இரும்புக் கட்டில் வந்து, அறையில் பாதியை எடுத்துக்கொண்டது. மதினி அந்தக் கட்டிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, பாத்திரம் வைத்து எடுப்பது, கஞ்சி, மாத்திரை, துணி அலசுவது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடமாட இருந்தேன். ஒருநாளிலேயே என் இடுப்பு விட்டுப்போகும். இரவு அவள் கட்டிலுக்கு அடியில் படுப்பாள். வேறு இடம் இல்லை. ஒருநாள் விடிந்தபோது கட்டிலுக்கு வெளியே அவள் கை மட்டும் நீண்டு கிடந்தது. யாரோ மிதித்துவிட்டுப் போனதுகூடத் தெரியாமல் தூங்கினாள்.

மறுபடி அந்த டப்பாவை எடுக்கவைத்தது அம்மாதான். அன்பினால் அல்ல. படுத்துக் கிடந்து அவளுக்குச் சலித்துப்போயிருந்தது.

"ஏட்டி, எங்கிட்டயே சொல்லாம ஊரு தாண்டிப் போய்ச் செஞ்சியே, அந்த டப்பாவ எடு. என்னதான் செய்யுதன்னு பாப்போம்."

"வேண்டாம் அத்தை. அவிய திட்டுவாவ."

"அவன் கெடக்கான். நான் கூரைத் தகரத்தையே பாத்துக்கிட்டு எம்புட்டு நேரந்தான் கெடக்க? எடுட்டி."

மோரி ஜன்னல் பக்கம் கட்டிலை ஒட்டித் தகரத்தை விரித்து மதினி உட்கார்ந்தாள். அம்மா தலையணையைச் சரித்துவைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். "செவக்குது, செவக்குது... விடாத... ஓடிட்டுட்டி!" என்று கத்துவாள். கோணலாக வந்தால், "இது என்ன, நாய் கடிச்ச மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பாள். சந்து ஆட்கள் மறுபடி வாசலில் வந்து நின்றபோது, படுத்தபடியே கழுத்தைத் தூக்கினாள்.

"நான் ஓட முடியாம கெடக்கேன். பத்திக்கிட்டா மொதல்ல வேகுதது நான். எனக்கே பயம் இல்ல. ஒங்களுக்கு என்னல?"

அவர்கள் போய்விட்டார்கள். அதற்குமேல் அண்ணனும் தடுக்கவில்லை.

மதினி முதன்முதலில் முழுசாகச் செய்து முடித்த சாமான் அம்மா கேட்டது. காது குடைய வெள்ளியில் ஒரு குச்சி. ஒரு முனையில் குழி; மறுமுனையில், பின்னூசியில் கோத்துக்கொள்ள ஒட்டிய வளையம். அம்மா அதை ரவிக்கையில் மாட்டிக்கொண்டு, பார்க்க வருகிற எல்லோரிடமும் காட்டினாள். "எம் மருமக செஞ்சது" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. "வெள்ளி" என்று மட்டும் சொல்வாள். மதினிக்கு அது போதுமாக இருந்தது.

மதினி பெரிய நகைக்காரி ஆகிவிடவில்லை. அம்மா போன பிறகு, கடைசிவரை, அதே மணி கோக்கும் இடத்துக்குத்தான் வளையங்களை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் மங்கிப்போனது. போகப்போக அதுவும் மற்ற வேலைகளைப்போல ஒரு வேலைதான் என்று ஆகிவிட்டது. "கழுத்து வலிக்கும்மா" என்பாள். ஆனால் விட்டுவிடுகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. போன மழையில் காய்ச்சல் என்று படுத்தாள். அந்த வாரத்துக்குள் போய்விட்டாள்.

மதினியைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது, ஃப்ரிட்ஜ் வந்த நாளைத்தான்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கட்டிலைத் திருப்பி எடுத்துப்போனார்கள். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. தரையில் கட்டில் கால்கள் இருந்த இடத்தில் நான்கு வெள்ளைத் தடங்கள். நாங்கள் யாரும் அங்கே போய் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே நடந்தோம். மத்தியானம் மதினி அந்த இடத்தைத் துடைத்து, தகரத்தை விரித்து, நடுவில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள்.

அண்ணன் எங்களிடம் சொல்லாமல் பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தான். ரொம்ப நாள் ஆசை. வைக்க இடமில்லாமல்தான் வாங்காமல் இருந்தான். சாயங்காலம் இரண்டு ஆட்கள் அதை அட்டைப்பெட்டியோடு சந்துக்குள் தூக்கி வந்துவிட்டார்கள். வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"பாபி, ஜரா சர்கோ" என்றான் ஒருவன்.

அண்ணன் உள்ளே வந்தான். "கொஞ்சம் தள்ளிக்கோ."

மதினி நிமிர்ந்து பார்த்தாள். வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை.

"எங்கன தள்ள?"

அண்ணன் மோரிப் பக்கம் கை காட்டினான். "அங்கன. முன்னாடி இருந்த எடத்துல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். நானும் 'சரி' என்று வரும் என்றுதான் நின்றேன். எத்தனையோ வருஷம் கேட்டுப் பழகிய சொல். மதினி வளையத்தைச் செங்கல்லின்மேல் சரியாக வைத்தாள். அதன்மேல் டாங்காத் துணுக்கை இடுக்கியால் வைத்தாள்.

"நான் இங்கனதான் இருப்பேன்" என்றாள்.

குரல் உயரவில்லை. கோபமும் இல்லை. ரொம்பக் களைத்த ஒருத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்து இனி எழுந்திருக்க முடியாது என்று சொல்வதைப்போல இருந்தது. பிறகு டார்ச்சைப் பற்றவைத்தாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றவர்கள், "சேட், ஜல்தி போலோ" என்று அவசரப்படுத்தினார்கள். அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் அந்த நீலத் தீயையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் வெளியே போய், சுவரோரமாக இறக்கி வைக்கச் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா அந்த ஃப்ரிட்ஜை வாங்கிக்கொண்டாள். அதுவரை, மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, அது சந்தில்தான் நின்றது. ஏற்கெனவே இரண்டு ஆள் அகலம்தான் எங்கள் சந்து. தண்ணீர்க் குடத்தோடு வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பையோடு வருகிறவர்கள், வேலை முடிந்து வருகிற ஆண்கள் எல்லோரும் அங்கே வந்ததும் நின்று, உடம்பை ஒருக்களித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரை உரசியபடி நகர்ந்து போனார்கள். உள்ளே மதினியின் டார்ச் உஸ்ஸென்று கேட்டுக்கொண்டிருந்தது.